டேப் தட்டினால் இருக்கிற கோப்பெல்லாம் தெரிய வேண்டும்

கட்டளைகளை எழுதி இயக்கும் டெர்மினலில் டேப் விசை எதற்கு என்று கேட்டால், தட்டச்சு மிச்சமாகும் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அது உண்மைதான். ஆனால் தினமும் அதை வைத்தே பிழைக்கிறவர்களுக்கு அது ஒரு கேள்வியும்கூட. பெயரின் முதல் இரண்டு மூன்று எழுத்தைப் போட்டு டேப் தட்டும்போது, “இப்படி ஒரு கோப்பு இங்கே இருக்கிறதா?” என்று ஷெல்லை, அதாவது நம் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலை, கேட்கிறோம். பெயர் நிரம்பினால் இருக்கிறது. நிரம்பாவிட்டால் வேறு ஃபோல்டரில் நிற்கிறோம், அல்லது பெயர் நினைவில் பிசகியிருக்கிறது. இந்தப் பதிலை நம்பித்தான் அடுத்த கட்டளையை அடிக்கிறோம்.

அதனால் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நிரப்பும் விதத்தை யாரும் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கண்ணெதிரே இருக்கிற கோப்பை இல்லை என்று சொல்ல வைக்கும் எந்த மாற்றமும் வேண்டாம். அது இயல்பிருப்பாக, அதாவது நாம் கேட்காமலே, வந்தாலும் வேண்டாம்.

இதில் அப்படி என்ன கெட்டுப்போகும் என்கிறவர்களுக்கு ஓர் உதாரணம். ஃபோல்டரில் ரிசல்ட்.ஸிப் என்ற கோப்பு ஏற்கெனவே இருக்கிறது. இணையத்திலிருந்து கோப்பை இறக்கும் டபிள்யூகெட் கட்டளை வைத்து அதே முகவரியிலிருந்து மறுபடி இறக்குகிறோம். பழையதை அழிக்காமல், புதியதை ரிசல்ட்.ஸிப்.1 என்று அது வைத்துவிடும். இப்போது ஸிப் கோப்பை விரிக்கும் அன்ஸிப் என்று அடித்து, ரிச போட்டு டேப் தட்டுங்கள். லினக்ஸில் பரவலாக இருக்கும் பேஷ் ஷெல்லில், எந்தக் கட்டளைக்கு எதை நிரப்புவது என்ற விதிகள் அடங்கிய பேஷ்-கம்ப்ளீஷன் தொகுப்பு இருந்தால், ஸிப் போன்ற நீட்டிப்பு (பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வருவது) உள்ளவற்றை மட்டும் அது எடுத்துக்கொள்ளும். .1 என்று முடிவது கணக்கிலேயே வராது. மிஞ்சுவது ஒன்றே ஒன்று. ஆகவே ரிசல்ட்.ஸிப் என்று முழுசாக நிரப்பி, பக்கத்தில் ஓர் இடைவெளியும் விட்டு, “இதுதான், வேறில்லை” என்ற தோரணையில் நிற்கும். எண்டர் தட்டினால் விரிவது பழைய கோப்பு. பிழைச் செய்தி எதுவும் வராது. எல்லாம் சரியாக நடந்த மாதிரியே இருக்கும்.

கட்டளைக்கு ஏற்றபடி நிரப்பும் வசதி பேஷுக்கு வந்தது 2000-இல், 2.04 பதிப்போடு. அருமையான வசதி, மறுக்கவே மாட்டேன். நிரல் பதிப்புகளைக் காக்கும் கிட் கருவியின் கிளைகளின் பெயர், எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து நுழையும் சர்வர்களின் பெயர் எல்லாம் டேப்பில் வருகிறதென்றால் அதன் புண்ணியம்தான். அங்கே அது நமக்குத் தெரியாததைத் தேடிக் கொண்டுவந்து தருகிறது. கோப்புப் பெயரில் மட்டும் அதே வசதி வடிகட்டியாகிவிடுகிறது. ஒரு கோப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு அதன் நீட்டிப்பு சாட்சியே இல்லை. நீட்டிப்பே இல்லாத பிடிஎஃப், வால் முளைத்த ஸிப் எல்லாம் அன்றாடம் வந்து விழுகின்றன.

இதற்கு வழி உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. பேஷில் டேப்புக்குப் பதிலாக ஆல்ட் விசையோடு சாய்கோடு தட்டிப் பாருங்கள். கட்டளை எதுவாக இருந்தாலும் வடிகட்டாமல் கோப்புப் பெயரை மட்டும் பார்த்து நிரப்பும். மேலே சொன்ன இடத்தில் ரிசல்ட்.ஸிப் வரை வந்து, இடைவெளி விடாமல் நின்றுவிடும். இன்னொன்றும் இருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். கண்ட்ரோல்-எக்ஸ் தட்டி, அப்புறம் சாய்கோடு தட்டினால் இரண்டையும் வரிசையாகக் காட்டும். ஒரு கட்டளைக்கு நிரந்தரமாகவே வடிகட்டல் வேண்டாம் என்றால், கம்ப்ளீட் கட்டளையில் மைனஸ் ஓ, டிஃபால்ட், பிறகு அந்தக் கட்டளையின் பெயர் என்று ஒரு வரி எழுதி, பேஷ் தொடங்கும்போது படிக்கும் பேஷ்ஆர்சி கோப்பின் கடைசியில் போட்டால் போதும்.

இன்னொரு மறைப்பு நாமே வைத்துக்கொள்வது: எஃப்இக்னோர் மாறி, அதாவது டேப் ஒதுக்க வேண்டிய பெயர் முடிவுகளின் பட்டியல். புள்ளி-ஓ, டில்டே என்று அதில் எழுதிவிட்டால் கம்பைலரின் கழிவும் எடிட்டரின் பேக்கப் கோப்புகளும் டேப்பில் குறுக்கே வராது. நல்ல எண்ணம்தான். ஆனால் மூலக் கோப்பு அழிந்துபோய், டில்டேயில் முடிகிற பேக்கப் மட்டும் மிஞ்சியிருக்கும் நாளை யோசித்துப் பாருங்கள். அன்றைக்குத் தேவைப்படுவதே அந்த ஒரு கோப்பு. பேஷில் ஃபோர்ஸ்-எஃப்இக்னோர் என்று ஓர் அமைப்பு இருக்கிறது, இயல்பாகவே இயங்கும் நிலையில். பொருந்துவது அது ஒன்றுதான் என்றாலும் நிரப்ப மாட்டேன் என்பது அதன் அர்த்தம். கொடவுனில் சரக்கை வைத்துக்கொண்டே ஸ்டாக் இல்லை என்று அனுப்பும் கடை மாதிரி இது. ஷாப்ட் மைனஸ் யூ என்று அடித்து, பின்னால் அந்த அமைப்பின் பெயரைப் போட்டு அதை அணைத்துவிடுங்கள். டெனெக்ஸ் இயங்குதளத்தின் பாணியில் பெயர் நிரப்புவதை சி ஷெல்லுக்குக் கொண்டுவந்த டீசி-ஷெல், இதில் நியாயமாக நடந்துகொள்கிறது. அங்கே இப்படி ஒதுக்கிய கோப்புகளை நிரப்பும்போது விட்டுவிட்டாலும், பட்டியல் கேட்டால் காட்டிவிடும்.

இன்னொரு ஷெல்லான இசட் ஷெல்லின் வழி எனக்கு இன்னும் பிடிக்கும். பொருத்தமான நீட்டிப்பை முதலில் தேடும், எதுவும் கிடைக்காவிட்டால் எல்லாக் கோப்பையும் காட்டும். ரிசல்ட்.ஸிப் விஷயத்தில் இதுவும் உதவாது, முதல் சுற்றிலேயே ஒன்று கிடைத்துவிடுகிறதே. ஆனால் அங்கே ஃபைல்-பேட்டர்ன்ஸ் என்ற அமைப்பில் எல்லாக் கோப்பும் வரட்டும் என்று எழுதலாம். ஃபைல்-சார்ட் அமைப்பில் மாடிஃபிகேஷன் என்று கொடுத்தால் கடைசியாக மாறிய கோப்பு பட்டியலில் முதலில் நிற்கும். ரிசல்ட்.ஸிப்.1 மேலே, பழையது கீழே. எனக்கு வேண்டியது இதுதான். எதை முன்னால் காட்டலாம் என்று ஷெல் தீர்மானிக்கட்டும், எதையும் ஒளிக்க வேண்டியதில்லை.

சரி, எதை மாற்றலாம் என்றால், வலையை விரிப்பதை எல்லாம் மாற்றலாம். வீட்டு ஃபோல்டரில் இருக்கும் இன்புட்ஆர்சி என்ற அமைப்புக் கோப்பில் கம்ப்ளீஷன்-இக்னோர்-கேஸ் ஆன் என்று எழுதினால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காமல் தேடும். கூடவே கம்ப்ளீஷன்-மேப்-கேஸ் வைத்தால் நடுக்கோடும் அடிக்கோடும் ஒன்றாகிவிடும். ஷோ-ஆல்-இஃப்-ஆம்பிகுவஸ் இருந்தால் இரண்டாவது முறை தட்டாமலே பட்டியல் வந்துவிடும். அந்தக் கோப்பை நாமே உருவாக்கியதும் ஈடிசி ஃபோல்டரில் உள்ள பொதுவான இன்புட்ஆர்சியை பேஷ் படிக்காது. அதையும் இன்க்ளூட் வரி போட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நம் மொழியில் பெயர் வைக்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது, நாம் எதையும் மாற்றாமலே. யூனிகோடில் ஒகர உயிர்மெய்யை இரண்டு விதமாக எழுதலாம். கொள்முதல் என்ற சொல்லில் ‘கொ’வின் குறி ஒரே குறியீடாக இருக்கலாம், அல்லது முன்னால் ஒற்றைக் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு குறியீடாக இருக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். லினக்ஸ் இவற்றை வெறும் பைட்டுகளாகத்தான் பார்க்கிறது, ஆகவே அதற்கு இரண்டும் வேறு வேறு பெயர். மேக்கின் பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ் இப்படிப் பிரித்துத்தான் சேமிக்கும். அங்கிருந்து வந்த கோப்புக்கு நம் விசைப்பலகை ஒன்றாகச் சேர்த்த ‘கொ’வை அடித்து டேப் தட்டினால் அசையாது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் அடித்தால் கொள்முதல் என்ற கோப்பு அங்கேயே இருக்கும். எத்தனை பேர் இதைப் பார்த்துவிட்டு, இது சரிப்பட்டு வராது என்று ஆங்கிலப் பெயருக்குத் திரும்பியிருப்பார்களோ என்று எனக்கு வருத்தம் உண்டு.

இதற்கு கான்வ்எம்வி என்ற சின்னக் கருவி இருக்கிறது. இரண்டு பக்கமும் யூடிஎஃப்-8 என்று கொடுத்து, பிரிந்த குறியை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற விருப்பத்தையும் சேர்த்து ஓட்டினால் பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். முதல் ஓட்டத்தில் என்ன மாறும் என்று காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளும். பார்த்துத் திருப்தியானால் நோ-டெஸ்ட் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள்.