வீவக வீடுகளும் இன விகிதமும்

சிங்கப்பூரின் பன்முகச் சமூகம் பற்றி ஒரு கட்டுரை படித்தேன்; உணவுத் திருவிழாவையும் நான்கு ஆட்சிமொழிகளையும் சொல்லி அது முடித்துவிட்டது. அங்கே அதைவிட ஆழமாக வேலை செய்வது வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், கட்டும் அடுக்குமாடி வீடுகளுக்கான இன விகித விதி. 1989இல் வந்தது. ஒரு புளோக்கில் சீனர் 87 சதவீதம், மலாய்க்காரர் 25 சதவீதம், இந்தியரும் பிறரும் 15 சதவீதம் வரைதான் இருக்கலாம் (கடைசி எண் 2010 வரை 13). பேட்டை அளவில் வரம்பு இன்னும் குறைவு: 84, 22, 12.

இதன் பலனைப் புளோக்கின் கீழ்த்தளத்தில் பார்க்கலாம். ஒரு வாரம் அங்கே மலாய்க் கல்யாணப் பந்தல், இன்னொரு வாரம் சீனர் வீட்டுத் துக்கம். மின்தூக்கிக்குப் போகிற எல்லோரும் இரண்டையும் கடந்துதான் போகவேண்டும்.

ஆனால் சுமை யார் தலையில் விழுகிறது என்பதையும் கட்டுரை எழுதியிருக்க வேண்டும். சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் ஓர் இந்தியர் வீட்டை விற்கிறார் என்று வையுங்கள். சீனருக்கு விற்க முடியாது, விகிதம் கூடிவிடும். அதே புளோக்கில் சீனர் சீனருக்கு விற்கலாம், விகிதம் மாறாது. எனவே சிறுபான்மையினருக்கு வாங்க வருபவர் குறைவு, விலையும் இறங்குகிறது, விற்க மாதக்கணக்கில் இழுக்கிறது. 2022இல்தான், வேறு வழியே இல்லாத சிலரிடமிருந்து வீவகவே வீட்டை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. விதி வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் விலையில் விழும் துண்டை அந்த ஒரு குடும்பமே ஏன் தாங்கவேண்டும்? எல்லோருக்கும் நன்மை தரும் விதி என்றால் அதைப் பொதுப் பணத்திலிருந்து ஈடுகட்டுவதுதான் நியாயம்.