அவசரப்பட்டு விட்டோமாம்

சனிக்கிழமை கொட்டகலையில் நடந்ததைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். கூட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், இல்லாதவர்களுக்கு இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். நானும் மச்சானும் தோட்டத்து வீட்டிலேயே பதிந்த ரொக் அல்பத்தைப் பற்றி மேடையில் ஒரு சேர் சொன்னது இது: "பிள்ளைகள் அவசரப்பட்டு விட்டார்கள். ஆறுதலாக, ஒரு ஸ்டூடியோவில் ஒழுங்காகச் செய்திருக்கலாம். இதெல்லாம் மலையகத்தின் பெயரைக் கெடுக்கும்." அந்த சேர் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதற்கு முன்வரிசை கைதட்டியதுதான் உறுத்துகிறது.

செய்தது அவசரமாகத்தான். வேறு எப்படிச் செய்வது? மச்சான் கொழும்பில் துணிக்கடையில் நிற்கிறான். போயா லீவோடு முதலாளியிடம் கெஞ்சி இன்னும் ஒன்றிரண்டு நாள் வாங்கினால்தான் மஸ்கெலியாப் பக்கம் தலைகாட்ட முடியும். அந்த முறை வந்தவன் பேக்கைக்கூட இறக்கவில்லை, "டேய், இந்தத் தடவை அல்பத்தைப் பதிஞ்சிட்டுத்தான் போவேன்" என்றான். எழுதி வைத்திருந்தது பாதிப் பாட்டுதான். மீதியை இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) உட்கார்ந்து அப்போதே எழுதினோம்.

டிரம் செட் இல்லை, தப்பு என்கிற எங்கள் பறை இருந்தது. நம்ம ஊர்க் குளிரிலும் ஈரத்திலும் தப்பின் தோல் தொய்ந்துவிடும். வெளியே மிலாறு (வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி) மூட்டிச் சூடு காட்டி, தோல் விறைத்து நாதம் வந்ததும் உள்ளே ஓடிவந்து அடிக்க வேண்டும். ஒரு டேக், மிஞ்சினால் இன்னொன்று, அதற்குள் சத்தம் மந்தமாகிவிடும். ஆறுதலாகச் செய்யச் சொல்பவர்கள் முதலில் தப்பிடம் சொல்லிப் பாருங்கள். எதிரொலி குறைய மைக்கைச் சுற்றிக் கம்பளி தொங்கவிட்டோம். கிட்டாருக்கு ஒரு சின்ன அம்ப், குரலுக்கு போன். எல்லாவற்றையும் ஓடாசிட்டியில் போட்டு (காசு கேட்காத மென்பொருள், வாழ்க) ஒன்றோடொன்று பொருந்தும்வரை கையால் நகர்த்தினோம். பழைய லெப்டொப்பில் பின்னால் பதிகிற குரல் எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் விழும். பக்கத்துக் காம்பரா (லயத்து அறை) அத்தை "முடிஞ்சிருச்சா தம்பி, தூங்கலாமா?" என்று கேட்டது இரண்டாவது பாட்டின் கடைசியில் அப்படியே இருக்கிறது. வேண்டுமென்றேதான் வெட்டவில்லை.

அவசரமாகச் செய்தால் தரம் இருக்காது என்று யார் சொன்னது? பீட்டில்ஸ் தங்கள் முதல் அல்பத்தின் 14 பாட்டுகளில் 10 பாட்டுகளை 1963 பெப்ரவரி 11 அன்று, அந்த ஒரே நாளில் பாடி முடித்தார்கள். லெனனுக்கு அன்று தடிமன் வேறு. அமெரிக்க ரொக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் வெளியிட்ட நெப்ராஸ்கா அல்பம், வாடகை வீட்டுப் படுக்கையறையில் நான்கு டிரெக் கெசட் ரெக்கோர்டரில் பதிந்தது. பிறகு பேண்டைக் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்கும் போனார். அது சரிவரவில்லை. கெசட்டில் இருந்ததைத்தான் வெளியிட்டார்கள்.

"அவர்கள் எங்கே, நீங்கள் எங்கே?" என்பீர்கள். சரி. பீட்டில்ஸ் ஹம்பர்க் கிளப்புகளில் இரவிரவாக வாசித்துப் பழகியவர்கள், உண்மைதான். நாங்களும் மார்கழி பஜனையில் தொடங்கி திருவிழா, கல்யாணம், செத்த வீடு என்று சேர்ந்தே அடித்தவர்கள்தான். கைக்குப் பழகாததை ஒரு ராத்திரியில் யாராலும் வாசிக்க முடியாது. பதிந்ததுதான் அவசரம், பழகியது அவசரமாக இல்லை. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், யார் காதிலும் விழ மாட்டேன் என்கிறது.

பேஸ் கேட்கவில்லையாம். பேஸ் கிட்டாரே இல்லை, எப்படிக் கேட்கும்? மழைச் சத்தம் வருகிறதாம். தகரக் கூரை, ஜூலை மாதம், வேறென்ன வரும்?

ரொக்கோடு சேர்த்துத் தப்பைக் கேவலப்படுத்திவிட்டோம் என்று அதே கூட்டத்தில் இன்னொருவர் சொன்னாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கலைவிழாவுக்குத் தப்பைத் தூக்கிக்கொண்டு போனவன் மச்சான். "இது சாவு வீட்டுச் சாமான், வெளியே வை" என்று வாசலிலேயே நிறுத்தினார்கள். அன்றைக்கு மழையில் நனையாமல் இருக்க அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான், நானும் கூட நடந்தேன். 2023இல், நம்ம ஆட்கள் இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்து இருநூறு வருடம் என்று, மலையகம் 200 என ஊரெல்லாம் கொண்டாடியபோது அதே தப்பு பண்பாடாகிவிட்டது. சந்தோஷம். ஆனால் எது கேவலம், எது பண்பாடு என்று ஒவ்வொரு முறையும் நீங்களே முடிவு செய்வீர்கள், அடிக்கிறவன் மட்டும் வாசலில் நிற்க வேண்டுமா?

"கொஞ்சம் பொறுத்திருக்கலாமே" என்று அன்பாகச் சொல்கிறவர்களுக்கும் ஒன்று. பொறுப்பது எப்படி என்று எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தோட்டத் தொழிலாளிக்கு ஆயிரம் ரூபாய் நாள் சம்பளம் 2021இல்தான் வந்தது. அதற்கு எங்கள் அம்மாமார் எத்தனை வருடம் பொறுத்தார்கள்? வீட்டுக்குப் பொறு, காணிக்குப் பொறு. இப்போது பாட்டுக்கும் பொறு. ஸ்டூடியோ செலவுக்குக் காசு சேரும்வரை பொறுத்தால் மச்சானுக்கு மகன் பிறந்து அவன் கடையில் சேர்ந்திருப்பான்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைத்தால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் திட்டுவதென்றால் முழுதாகக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள். மூன்றாவது பாட்டோடு நிறுத்திவிட்டதாக அந்த சேரே மேடையில் சொன்னார். நாலாவதில் மழையே இல்லை.