வரைவு அட்டையை எரித்தவர்கள்

நேற்று இணையத்தில் ஒரு மொழிபெயர்ப்பு வரியில் பிழை இருப்பதைச் சுட்டிக்காட்டியதற்காக எனக்குக் கிடைத்த பட்டங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 'அகராதிக் காவலர்' என்பதுதான் அவற்றில் நாகரிகமானது. 'வியட்நாம் போரை எதிர்த்த அமெரிக்க இளைஞர்கள் வரைவு அட்டைகளை எரித்தார்கள்' என்பதில் என்ன பிழை என்று இன்னமும் கேட்பவர்களுக்காக மீண்டும் சொல்கிறேன்: டிராஃப்ட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எப்போதும் வரைவு, அதாவது எழுத்தின் முதற்படி, என்று பொருள் அல்ல. அவர்கள் எரித்தது கட்டாய ராணுவச் சேவைக்கான பதிவு அட்டையை. வேண்டுமென்றே அதை அழிப்பதை 1965ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் குற்றமாக்கியது. அரைகுறையாக எழுதிய தாளை எரித்தால் யாரும் வழக்குப் போடமாட்டார்கள்.

அந்தச் சொல்லின் வேர் இழுத்தல். பேனாவைத் தாளின்மேல் இழுத்தால் முதற்படி, ஒருவர் கணக்கிலிருந்து பணத்தை இழுத்தால் வங்கி டிராஃப்ட், வீட்டிலிருந்து ஆளையே இழுத்துப் போனால் கட்டாய ஆள்சேர்ப்பு. புகைபோக்கி காற்றை இழுப்பதற்கும் இதே சொல்தான். எல்லாவற்றுக்கும் வரைவு என்று ஒரே முத்திரையைக் குத்துவது மொழிபெயர்ப்பு ஆகாது.

இதை நான் பிறக்கும்போதே கற்றுக்கொண்டு வரவில்லை. மொழிபெயர்க்கத் தொடங்கிய புதிதில் ஒரு கப்பலின் 'வரைவு 8 மீட்டர்' என்று எழுதிவிட்டு, அவ்வளவு நீளமான வரைபடம் போலும் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டவன். மெய்ப்புத் திருத்திய பெரியவர் அதைச் சிவப்பு மையால் சுழித்து, "கப்பல் தண்ணீருக்குள் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்ற கணக்கு அல்லவா இது? மிதவை ஆழம் என்று எழுதுங்கள் தம்பி" என்றார். என் முகம் சுருங்கியது உண்மை. ஆனால் அவருக்கு நான் பட்டப்பெயர் வைக்கவில்லை.

'சூழலை வைத்து வாசகர் புரிந்துகொள்வார்' என்கிறார்கள். தமிழை மனத்துக்குள் ஆங்கிலமாக்கிப் படிக்கத் தெரிந்தவர் புரிந்துகொள்வார். மற்றவர்? வரைவுக்குத் தமிழிலேயே வேறொரு வாழ்வு உண்டு. அக இலக்கியத்தில் அது திருமணம், தலைவனை மணம்புரியத் தூண்டுவது வரைவு கடாதல். அந்தப் பழக்கத்தோடு படிப்பவருக்கு, 'வரைவை மறுத்துக் கனடாவுக்குச் சென்ற இளைஞர்கள்' என்பது கல்யாணத்துக்குப் பயந்து நாட்டைவிட்டே ஓடியவர்களின் கதையாகிவிடும். (அப்படியும் சிலர் இருந்திருக்கலாம், அது வேறு விஷயம்.)

'மொழி மாறிக்கொண்டேதான் இருக்கும்' என்பது இன்னொரு பதில். தன் பிழைக்கு மொழியின்மேல் பழிபோடுபவரிடம் பேச எனக்கு ஒன்றுமில்லை.

பல ஆண்டுகளாக என் மொழிபெயர்ப்புகளை வாசித்து, ஐயம் வந்தால் நள்ளிரவிலும் என்னை அழைத்துக் கேட்கும் நண்பர்கள்கூட அந்தப் பட்டங்களுக்குச் சிரிப்புக் குறி இட்டிருந்தார்கள். இன்று காலையில் போய்ப் பார்த்தேன். வரைவு அட்டை அப்படியே இருக்கிறது. நான் எழுதியிருந்த திருத்தத்தைத்தான் நீக்கியிருக்கிறார்கள்.