மேடையை விட்டு இறங்கிய எக்ஸ்டிசி

எக்ஸ்டிசி என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழுவைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் கூடவே ஒரு பெருமூச்சும் வரும். "கச்சேரி பண்ணுவதை நிறுத்தாமல் இருந்திருந்தால், அதே காலத்தில் உலகப் புகழ் பெற்ற 'தி போலீஸ்' இசைக்குழு அளவுக்குப் போயிருப்பார்கள்." போன வாரம்கூட நண்பர் ஒருவரின் பதிவில் இதைப் பார்த்தேன். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. நிறுத்தியதால்தான் நல்ல எக்ஸ்டிசி நமக்குக் கிடைத்தது என்பது என் கட்சி.

பெயரே கேள்விப்படாதவர்களுக்காகக் கொஞ்சம். லண்டனுக்கு மேற்கே ஸ்விண்டன் என்று ஓர் ஊர். ரயில்வே பட்டறையை நம்பி வளர்ந்த ஊர், ராக் இசைக்காக யாரும் தேடிப் போகிற இடமில்லை. அங்கே பாடகரும் கிட்டார் கலைஞருமான ஆண்டி பார்ட்ரிட்ஜ், பேஸ் கிட்டார் வாசிக்கும் காலின் மோல்டிங், டிரம்ஸ் டெர்ரி சேம்பர்ஸ், கீபோர்டு பாரி ஆண்ட்ரூஸ் நால்வரும் சேர்ந்து 1978 தொடக்கத்தில் முதல் ஆல்பத்தை வெளியிட்டார்கள். பங்க் இசையின் வேகத்தை வைத்துக்கொண்டு, அதன் முரட்டுத்தனத்தைக் கழித்துவிட்டு, கொஞ்சம் குறும்பையும் சேர்த்துக்கொண்ட குழுக்களை நியூ வேவ் என்று அழைத்த காலம் அது. இரண்டாவது ஆல்பத்தோடு ஆண்ட்ரூஸ் விலக, கிட்டார் கலைஞர் டேவ் கிரெகரி உள்ளே வந்தார்.

1979-இல் வந்த 'மேக்கிங் ப்ளான்ஸ் ஃபார் நைஜல்' அவர்களைப் பரவலாக அறியவைத்தது. மோல்டிங் எழுதிய பாட்டு. பையனுக்கு என்ன வேண்டும் என்று பையனைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த ஒரு வீடு, பிரிட்டிஷ் ஸ்டீலில் அவனுக்காகக் காத்திருக்கும் எதிர்காலம். (அந்தக் கம்பெனிப் பெயரை மட்டும் மாற்றினால் நம்மில் பாதிப் பேருக்குப் பொருந்தும்.) அதில் டிரம்ஸைக் கவனியுங்கள். வழக்கமாகப் பின்னால் இருந்து உறுமும் டாம் டிரம் முன்னால் வந்து பாட்டையே இழுத்துக்கொண்டு போகும்.

இந்தக் காலத்து எக்ஸ்டிசி மேடையில் அசுரத்தனமான குழு. 1980-இல் வந்த 'பிளாக் சீ' ஆல்பத்தைக் கேட்டாலே தெரியும், நான்கு பேர் ஒரே அறையில் நின்று இடித்துத் தள்ளுகிறார்கள். ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தவர் பார்ட்ரிட்ஜ். விடலைப் பருவத்திலிருந்தே பதற்றத்தைத் தணிக்க டாக்டர் எழுதிக் கொடுத்த வேலியம் மாத்திரை அவருக்கு. ஆண்டுக் கணக்கில் ஊர் ஊராக ஓட்டம். ஒரு கட்டத்தில் அவருடைய மனைவி, இது உதவாது என்று மாத்திரைகளைத் தூக்கி எறிந்துவிட்டார். நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்த மாதிரி மாத்திரையைப் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும். 1982 மார்ச்சில் பாரிஸ் கச்சேரியில், முதல் பாட்டின் நடுவிலேயே மேடையை விட்டு இறங்கிப் போனார். அடுத்த மாதம் அமெரிக்கா. ஹாலிவுட் பல்லேடியத்தில் டிக்கெட் எல்லாம் விற்றிருந்தும் கச்சேரி ரத்து. அதன்பிறகு எக்ஸ்டிசி சுற்றுப்பயணமே போகவில்லை. அவர்களுடைய 'சென்ஸஸ் வொர்க்கிங் ஓவர்டைம்' பாட்டு பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதல் பத்துக்குள் வந்திருந்த நேரம் அது.

"இருந்திருந்தால்" என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். தொடர்ந்திருந்தால் நமக்கு இன்னொரு போலீஸ் கிடைத்திருக்காது. உடைந்துபோன ஒரு பாடகர் கிடைத்திருப்பார்.

அப்புறம் இசையையே பார்ப்போம். நாளைக்கு மேடையில் நாலு பேர் வாசித்தாக வேண்டும் என்ற கட்டாயம் போனதும் பாட்டின் உடம்பே மாறியது. 1986-இல் அமெரிக்கத் தயாரிப்பாளர் டாட் ரண்ட்கிரனுடன் செய்த 'ஸ்கைலார்க்கிங்' பூச்சிகளின் ரீங்காரத்தோடு தொடங்கி, ஒரு பாட்டு இன்னொன்றுக்குள் கரைந்து, ஒரு கோடை நாள் போல, ஒரு ஆயுள் போல நகரும். அந்த வரிசையைப் போட்டவர் ரண்ட்கிரன். அவருக்கும் பார்ட்ரிட்ஜுக்கும் சுத்தமாக ஒத்துப்போகவில்லை. எனக்கு இதில் ரண்ட்கிரன் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. பார்ட்ரிட்ஜை அடக்க ஒருவர் இல்லாதபோது வந்த ஆல்பங்களில் சரக்கு அதிகம், காற்றோட்டம் குறைவு. 1989-இல் வந்த 'ஆரஞ்சஸ் அண்ட் லெமன்ஸ்' எனக்கு அப்படித்தான், நாலாவது பாட்டிலேயே மூச்சு முட்டும்.

'ஸ்கைலார்க்கிங்'கில் இன்னொரு வேடிக்கை. கடவுளுக்கு ஒரு நாத்திகன் எழுதும் கடிதமான 'டியர் காட்' முதலில் ஆல்பத்திலேயே இல்லை, ஒரு சிங்கிளின் (தனிப்பாட்டாக வரும் இசைத்தட்டின்) பின்பக்கத்தில் கிடந்தது. அமெரிக்க வானொலிகள் அதைத் தேடிப் போட ஆரம்பித்ததும் ஆல்பத்துக்குள் கொண்டுவந்தார்கள். மேடை ஏறாமலே அமெரிக்காவில் பேர் வாங்கித் தந்தது அந்தப் பாட்டு.

இழப்பே இல்லை என்று சொல்லவில்லை. கச்சேரி இல்லாத குழுவில் தனக்கு என்ன வேலை என்று டெர்ரி சேம்பர்ஸ் 1982-லேயே கிளம்பிவிட்டார். அவருக்குப் பிறகு நிரந்தர டிரம்மரே இல்லை, யாராவது விருந்தாளிதான். பணமும் வரவில்லை. வர்ஜின் இசைத்தட்டு நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம் கழுத்தை இறுக்க, 1992-இல் 'நான்சச்' ஆல்பத்திலிருந்து வந்த ஒரு சிங்கிளை நிறுவனமே திரும்பப் பெற்றதும் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். ஆம், ராக் இசைக்குழுவின் வேலைநிறுத்தம்! ஒப்பந்தம் ரத்தாகும்வரை புதிதாக எதையும் பதிவு செய்து தரவில்லை. பட்டறை ஊர்க்காரர்கள் அல்லவா.

1999-இல் வந்த 'ஆப்பிள் வீனஸ் வால்யூம் 1' அந்த மௌனத்துக்குப் பிறகு வந்தது. முதல் பாட்டு 'ரிவர் ஆஃப் ஆர்க்கிட்ஸ்'. டிரம்ஸே கிடையாது. நீர்த்துளிச் சத்தம், விரலால் சுண்டும் வயலின்கள், டிரம்பெட், அவற்றின் மேல் சுற்றிச் சுற்றி வரும் குரல்கள். பஸ்ஸிலும் ஹோட்டல் அறையிலும் வாழ்க்கையைக் கழிக்கிற குழுவிடமிருந்து இப்படி ஒரு பாட்டு வருமா? நான் நம்பவில்லை.

ஒரு விஷயம் மட்டும் என் கட்சிக்கு எதிராகச் சாட்சி சொல்லும். 2018-இல் மோல்டிங்கும் சேம்பர்ஸும் சேர்ந்து ஸ்விண்டனிலேயே மீண்டும் மேடையேறினார்கள். ஒருவருக்கு மூச்சு முட்டிய இடம் இன்னொருவருக்கு ஏக்கமாகவே இருந்திருக்கலாம். அந்த வருத்தம் மோல்டிங்குக்கு இருந்தால் நியாயம். டிக்கெட் வாங்கிப் பார்க்க முடியவில்லையே என்று புலம்பும் நமக்கு அது கிடையாது.

சரி, புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் 'பிளாக் சீ'யையும் 'ஸ்கைலார்க்கிங்'கையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். 'ஸ்கைலார்க்கிங்' வாங்கினால் 2010-க்குப் பிறகு வந்த பதிப்பைத் தேடுங்கள். பழைய பதிவில் ஒலி அலையின் துருவம் தலைகீழாகி, அலையின் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் மாறிவிட்டதைக் கால் நூற்றாண்டு கழித்துத்தான் கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். பேஸ் கிட்டாரில் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. கேட்டுவிட்டு வாருங்கள், கமெண்டில் சண்டை போடலாம்.