20 பிரதி போதும் என்றவர்

பெர்த்தில் எந்த ஆப் ஷாப்புக்குள், அதாவது நன்கொடையாக வந்த பழைய பொருட்களை விற்கும் கடைக்குள் போனாலும் பழைய புத்தக அலமாரியில் இரண்டு நிச்சயம் இருக்கும். யாராவது ஒரு கிரிக்கெட் வீரரின் சுயசரிதை ஒன்று. ஆல்பர்ட் ஃபேசியின் ‘எ ஃபார்ச்சுனேட் லைஃப்’ இன்னொன்று. எனக்கு ஃபேசி இரண்டு டாலருக்குக் கிடைத்தார். முதல் பக்கத்தில் நீல மையில் ‘அப்பாவுக்கு, கிறிஸ்துமஸ் 1983’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். முதுகில் பசை விட்டுப்போய், திறந்ததும் பாதிப் புத்தகம் தனியாகக் கையோடு வந்தது. பக்கத்தில் இருந்த கிரிக்கெட் வீரருக்கு அட்டைகூட மடங்கவில்லை. நான் யார் கட்சி என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

ஃபேசி 1894-ல் விக்டோரியாவில் பிறந்தவர். இரண்டு வயதுக்குள் அப்பா போய்விட்டார். தங்கம் தேடி மேற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போன இடத்தில் டைஃபாய்டு. அம்மா வேறு வாழ்க்கை அமைத்துக்கொள்ள, வளர்த்தது பாட்டி. எட்டு வயதில் பண்ணை வேலைக்கு அனுப்பினார்கள். கூலி கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது. குடிபோதையில் ஒருவன் அந்தப் பிள்ளையைச் சாட்டையால் விளாசித் தள்ளுகிறான். அந்த இடத்தை ஃபேசி எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். ஒப்பாரி இல்லை, ‘ஐயோ’ இல்லை. அடித்தான், எழுந்திருக்க முடியவில்லை, இத்தனை நாள் படுத்துக் கிடந்தேன், பிறகு ஓடிப்போனேன். அவ்வளவுதான். நம்மில் ஒருவர் எழுதியிருந்தால் அதற்கே மூன்று அத்தியாயம் போயிருக்கும்.

மாடு ஓட்டினார், ஊர் ஊராகக் குத்துச்சண்டை போட்டார், முதல் உலகப் போரில் துருக்கியின் கலிபோலி போர்முனைக்குப் போனார், பெர்த்தில் டிராம் ஓட்டினார், முன்னாள் சிப்பாய்களுக்குக் கொடுத்த நிலத்தில் கோதுமை போட்டு முப்பதுகளின் பொருளாதார மந்தத்தில் அதையும் விட்டுவிட்டு வந்தார். இரண்டு அண்ணன்மார் கலிபோலியிலேயே செத்தார்கள். 1942-ல் ஒரு மகனைச் சிங்கப்பூரில் பறிகொடுத்தார். இத்தனைக்கும் பிறகு தன் கதைக்கு அவர் வைத்த தலைப்பு, அதிர்ஷ்டமான வாழ்க்கை! கிண்டலாகத்தான் வைத்திருப்பார் என்று முதலில் நினைத்தேன். முடிக்கும்போது தெரிந்தது, மனுஷன் நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார்.

எழுதப் படிக்கத் தானாகக் கற்றுக்கொண்டவர். சமையலறை மேசையில் உட்கார்ந்து நோட்டு நோட்டாகக் கையால் எழுதினார். அது பெர்த்தை ஒட்டிய ஃப்ரீமேன்டிலில் அப்போதுதான் தொடங்கியிருந்த ஒரு சின்னப் பதிப்பகத்துக்குப் போனது. கேட்டது 20 பிரதி. பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கொடுக்க. 1981-ல் புத்தகம் வந்தது, லட்சக்கணக்கில் விற்றது. அடுத்த வருடம் பிப்ரவரியில் 87 வயதில் இறந்துபோனார்.

என்னைக் கேட்டால் சூட்சுமமே அந்த 20 பிரதியில்தான் இருக்கிறது. ஊருக்குக் காட்ட எழுதுகிறவன் எதை மறைப்பது என்று யோசித்துக்கொண்டே எழுதுவான். பேரப்பிள்ளைக்கு எழுதுகிறவன், கிணற்றை எப்படி வெட்டினோம், டிங்கோ என்ற காட்டுநாயை எப்படிப் பிடித்தோம் என்று சொல்லிக்கொண்டே போவான். இங்கே தந்தையர் தினத்துக்கு முன்னால் கடைகளில் குவியும் விளையாட்டு வீரர் புத்தகங்களில் அந்தக் கிணறு இருக்காது. வேறொருவர் எழுதிக் கொடுத்த, நன்றாக இஸ்திரி போட்ட வாழ்க்கை.

ஃபேசி சொன்னதெல்லாம் சத்தியவாக்கு என்று நான் சொல்லவில்லை. 1915 ஏப்ரல் 25, ஆஸ்திரேலியப் படை கலிபோலியில் கால் வைத்த முதல் நாளிலேயே தானும் இருந்ததாக எழுதுகிறார். ராணுவப் பதிவேட்டின்படி அவர் போய்ச் சேர்ந்தது மே மாதம். ‘அப்படியானால் மொத்தமும் கட்டுக்கதையா?’ என்று ஒரு நண்பர் கேட்டார். அறுபது வருடம் கழித்து, அந்த நாளை ஒரு தேசமே திருநாளாகக் கொண்டாடிக்கொண்டிருக்கையில், கேட்டதும் பார்த்ததும் கிழவருக்குள் கலந்துபோயிருக்கலாம். தேதிக்கு நான் பதிவேட்டைத்தான் நம்புவேன். ஆனால் காலுறை விஷயம் எந்தப் பதிவேட்டிலும் இல்லையே. போர்முனையில் ஒரு பார்சலில் அவருக்குக் காலுறை வருகிறது, உள்ளே பன்பரி என்ற ஊரில் இருக்கும் எவ்லின் கிப்சன் என்ற பெண்ணின் பெயரோடு ஒரு சீட்டு. ஊர் திரும்பிய பிறகு பெர்த் தெருவில் தற்செயலாக அறிமுகமான பெண்ணிடம் பெயர் கேட்டால், அதே எவ்லின். சினிமாவில் வைத்தால் விசில் அடிப்போம், வெளியே வந்து ‘ரொம்ப ஓவர்’ என்போம். 1916-ல் கல்யாணம், அறுபது வருடக் குடித்தனம். எழுது எழுது என்று அவரை உட்காரவைத்ததும் அந்த அம்மாதான். புத்தகம் வரும்போது அவர் இல்லை.

எனக்கு ஃபேசியிடம் ஒரே ஒரு மனத்தாங்கல் உண்டு. அதைச் சொல்ல இன்னொரு புத்தகம் வேண்டும். அதே பதிப்பகம், ஆறு வருடம் கழித்து, 1987-ல் போட்டது: சாலி மோர்கனின் ‘மை பிளேஸ்’. பெர்த்தில் வளர்ந்த சிறுமி. நீங்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று பள்ளியில் கேட்கிறார்கள். வீட்டில் வந்து கேட்டால், இந்தியர்கள் என்று சொல்லிவிடு என்கிறார் அம்மா. ஆமாம், இந்தியர்கள்! இந்த நாட்டின் பூர்வகுடிகள், தங்கள் பிள்ளைகளை அரசாங்கம் பிடுங்கிக்கொண்டு போய்விடும் என்ற பயத்தில், நம்மைப் போல வேஷம் போட்டிருக்கிறார்கள். இங்கே நாம் எந்த ஊர் என்று கேட்டாலே முகம் சுளிக்கிறோம். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சாலியின் பாட்டி டெய்சி வடக்கே பில்பராவில் ஒரு மாட்டுப் பண்ணையில் பிறந்தவர், வெள்ளைக்காரர் வீட்டில் வேலைக்காரியாகவே காலம் கழித்தவர். பேத்தி டேப் ரெக்கார்டரோடு பின்னாலேயே அலைகிறார். பாட்டியின் அண்ணன் சொல்கிறார், அம்மா சொல்கிறார், பாட்டி மட்டும் வாய் திறக்க மாட்டேன் என்கிறார். கடைசியில் திறக்கிறார், அதிலும் சிலவற்றைத் தன்னோடேயே கொண்டுபோய்விடுகிறார். பிறகு அந்தப் பண்ணைக் குடும்பத்தில் ஒருவர் இதெல்லாம் பொய் என்று பதிலுக்கு ஒரு புத்தகமே எழுதினார். எழுதுவார். அவர்களிடம் எப்போதும் காகிதம் இருந்தது.

ஃபேசிக்குச் சாட்டையடி பட்ட கதையைத் தைரியமாகச் சொல்ல முடிந்தது. டெய்சிக்குத் தான் யார் என்பதையே சொல்ல முடியவில்லை. அதிர்ஷ்டம் என்று ஃபேசி சொன்னதில் இந்த வித்தியாசமும் சேர்த்தி. அவருக்கு அது தோன்றவே இல்லை என்பதுதான் என் மனத்தாங்கல்.

1966-லிருந்து வெளிவரும் ஆஸ்திரேலிய வாழ்க்கை வரலாற்று அகராதி என்று ஒன்று இருக்கிறது. பிரதமர்களோடு சாதாரண ஆட்களையும் சேர்த்துக்கொண்டது. ஃபேசிக்கும் அதில் இடம் உண்டு. இணையத்தில் இலவசம். தூக்கம் வராத ராத்திரிகளில் புரட்டுவேன். பெண்களையும் பூர்வகுடிகளையும்தான் தேடித் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

எதை முதலில் படிக்கலாம் என்று கேட்கப்போகிறவர்களுக்கு: ஃபேசியை முதலில். மூச்சு விட நேரம் எடுக்காமல் அடுத்தது சாலி மோர்கன். நடுவில் கிரிக்கெட் வீரர் வேண்டாம். ஃபேசி என்னிடம் இருக்கிறார், இரண்டு துண்டாக. ரப்பர் பேண்டு போட்டுத் தருகிறேன்.