கண்ணாடி போடுபவர்கள் முதலில் காது மெத்தையைப் பாருங்கள்

இரைச்சல் நீக்கும் ஹெட்ஃபோன் வாங்கியும் பக்கத்து ஆள் பேசுவது கேட்கிறது என்பவர்களுக்காகக் உங்கள் கட்டுரையில் ஹெட்ஃபோனின் மொபைல் செயலியில் உள்ள அமைப்புகளை நன்றாக விளக்கியிருக்கிறீர்கள். ஆனால் அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது காது மெத்தை, அதாவது காதை மூடி உட்காரும் மெத்தை, இடைவெளி இல்லாமல் படிகிறதா என்பதை. ஃபேன், ஏசி, பஸ் இன்ஜின் என்று விடாமல் வரும் தாழ்ந்த சுருதி இரைச்சலைத்தான் இரைச்சல் நீக்கும் நுட்பம் எதிர் ஒலி அலை அனுப்பி நன்றாக அடக்கும். பேச்சு, ஹாரன் போன்றவற்றைப் பெரும்பாலும் மெத்தைதான் தடுக்க வேண்டும்.

நான் கண்ணாடி போடுபவன். தடித்த ஃபிரேமின் காம்பு மெத்தையைத் தூக்கிக்கொண்டே இருந்தது, அந்த இடைவெளியில் சத்தம் உள்ளே வந்தது. மெல்லிய காம்புக்கு மாறிய பிறகுதான் இரவு பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்குகிறேன். சோனி WH-1000XM4 ஹெட்ஃபோன் வைத்திருப்பவர்கள் கண்ணாடியைக் கழற்றாமலே, அணிந்திருக்கும் விதத்துக்கு ஏற்ப இரைச்சல் நீக்கத்தைச் சரிசெய்யும் ஆப்டிமைசரைச் செயலியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

அப்புறம், லேப்டாப்பில் மீட்டிங் தொடங்கியதும் ஒலி மங்கிவிடுகிறதா? ஹெட்ஃபோன் மைக் திறந்ததும் ப்ளூடூத், ஒலித்தரம் குறைந்த அழைப்பு முறைக்கு மாறுவதுதான் பெரும்பாலும் காரணம். மைக்குக்கு மட்டும் லேப்டாப்பையே தேர்ந்தெடுங்கள், சரியாகிவிடும். சாலையைக் கடக்கும்போது தயவுசெய்து வெளிச்சத்தம் கேட்கும் முறையில் வைத்துக்கொள்ளுங்கள்.