பிஸ்கட் அனுப்புங்கள், பெயரெழுதி அனுப்புங்கள்

எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாக இதே பேச்சு. வெளிநாட்டில் ஐ.நா. அமைதிப் படையில் இருக்கும் நம் வீரர்களுக்கு வீட்டிலேயே பிஸ்கட் சுட்டு அனுப்ப வேண்டுமாம், வீட்டுக்கு ஒரு கிலோ. யாருக்கு என்று கேட்டேன். நம் ஜவான்களுக்கு என்றார்கள். எந்த ஜவானுக்கு என்று மறுபடி கேட்டேன். கைகூப்பும் படம் ஒன்று வந்தது.

யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆளில்லாத முகவரிதான் பிடிக்கவில்லை.

அமெரிக்காவில் இது பழைய வழக்கம். பெயரே இல்லாமல், படையில் இருக்கும் யாருக்காவது என்று எழுதி அனுப்பும் ஏற்பாடுகூட அங்கே இருந்தது. 2001-இல் ஆந்த்ராக்ஸ் கிருமி வைத்த கடிதங்கள் வந்த பிறகு அதை நிறுத்திவிட்டார்கள். பாதுகாப்புக்காக நிறுத்தினார்கள், பிஸ்கட்டுக்கும் அதுவே நல்லது என்பது என் கட்சி. ஆள் தெரிந்தால்தான் வாய்ருசி தெரியும்.

என் அக்கா மகன் தெற்கு லெபனானில் இருந்தான். ஐ.நா. பணிக்காக இந்தியப் படைப்பிரிவு 1998-இல் அங்கே போனது. வெண்ணெய் பிஸ்கட் செய்து தரட்டுமா என்று கேட்டதற்கு, "இங்கே இனிப்புக்குப் பஞ்சமில்லை சித்தி, காரமாக ஏதாவது கொடுங்கள்" என்றான். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களில் கொடியேறுமே, அந்த மிளகை ஒன்றிரண்டாக இடித்துப் போட்டு உப்பு பிஸ்கட் சுட்டேன். விடுமுறை முடிந்து திரும்பிய அவனுடைய நண்பனிடம் கொடுத்தனுப்பினோம். குழு சொன்னபடி செய்திருந்தால் அவனுக்கும் பொதுவாக ஒரு கிலோ சர்க்கரை பிஸ்கட் போயிருக்கும்.

சுடுபவர்களுக்குச் சில வார்த்தை. தூரம் போகிற பிஸ்கட்டுக்கு முதல் பகை ஈரம். கடை வெண்ணெயில் ஏறக்குறைய 16 சதவீதம் தண்ணீர்; நெய்யில் அது அறவே இல்லை எனலாம். அதனால் நெய் போட்டுப் பிசையுங்கள், சற்றுக் கூடுதலாகச் சிவக்க விடுங்கள். சூடு முழுக்க ஆறாமல் டப்பாவை மூடினால் உள்ளே வியர்த்து, போய்ச் சேர்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். ஜாம், கிரீம் வேண்டவே வேண்டாம். சாக்லேட் சேலத்து வெயிலிலேயே உருகிவிடும். மெத்தென்று இருப்பதையும் மொறுமொறுப்பானதையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். ஒன்றின் ஈரம் மற்றதற்குப் போய், மொறுமொறுப்பானது நமுத்துவிடும். அட்டைப்பெட்டியின் இடைவெளிகளில் அமெரிக்கர்கள் சோளப்பொரி நிரப்புகிறார்கள். நமக்கு அரிசிப்பொரி இருக்கிறது, செலவும் குறைவு. பொரி ஈரத்தை இழுக்கும் என்பதால் டப்பாவுக்கு வெளியே மட்டும்.

சுடுவதற்கு ஓவன் அடுப்பு இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். மாவைப் பிசைந்துகொண்டு போனால் சுட்டுத் தருகிற பேக்கரிகள் உண்டு. பேக்கரியில் வாங்கியதை எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றி, வீட்டில் செய்தது என்று படம் போடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு என்னிடம் சமையல் குறிப்பு இல்லை.

பெயர் எங்கே கிடைக்கும் என்கிறார்கள். 1950-இல் கொரியாவுக்கு மருத்துவப் பிரிவு போனதிலிருந்து இதுவரை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் ஐ.நா. பணியில் போயிருக்கிறார்கள். ஆத்தூர், மேட்டூர், எடப்பாடிப் பக்கம் உறவினர் இருந்தால் விசாரியுங்கள். படையில் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அவர்கள் வழி சொல்வார்கள். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் கேட்கலாம். அந்த வீட்டு அம்மாவிடம் போய்ப் பேசுங்கள். எதை அனுப்பலாம், எப்படி அனுப்பலாம் என்பது நம்மைவிட அவருக்குத் தெரியும்.

அப்படியானால் கேட்பாரற்ற வீரனுக்கு யார் அனுப்புவது என்று ஒருவர் என்னை மடக்கினார். நியாயமான கேள்வி. ஆனால் படை முகாமில் எவனும் டப்பாவைத் தனியாகத் திறப்பதில்லை. என் மிளகு பிஸ்கட்டை முதலில் காலி செய்தவர்கள் ஹரியானாக்காரர்களாம். அக்கா மகனுக்கு மிஞ்சியது தூள்தான். ஆகவே ஒருவர் பெயரை எழுதி, நாலு பேருக்குப் போதுமான அளவு வையுங்கள். கூடவே ஒரு கடிதம். வீரவணக்க வசனமெல்லாம் வேண்டாம். ஊரில் மழை பெய்ததா, மாம்பழம் என்ன விலை என்று எழுதினால் போதும்.

படம் எடுத்தே ஆக வேண்டுமென்றால் பிஸ்கட்டை எடுங்கள். பெயரும் படைப்பிரிவும் தெரிகிற மாதிரி பெட்டியை எடுத்து முகநூலில் போட்டுவிடாதீர்கள். அவன் எங்கே இருக்கிறான் என்பது அவன் வீட்டாருக்குத் தெரிந்தால் போதும்.